சுடுமண் ஜிமிக்கி: மண் பிசைவது முதல் பார்சல் கட்டுவது வரை

டெரகோட்டா (சுடுமண்) நகை செய்ய முதலீடு அதிகம் வேண்டாம் என்பார்கள். அது பாதி உண்மை. மண் மலிவு, பெயின்ட் மலிவு, கொக்கி மலிவு. விலை கூடியது உடைசல்தான். புதிதாகத் தொடங்குபவர் 20 ஜோடி பிடித்தால் காயும்போது ஒன்றிரண்டு விரிசல் விடும், சூளையில் ஒன்று வெடிக்கும், வண்ணம் அடிக்கையில் ஒன்று கைதவறி விழும். மிஞ்சியதை மட்டும் எண்ணிப் பார்த்து, போனதைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் "கட்டுப்படியாகல" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்வது என்பதோடு எது உடையும், ஏன் உடையும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். அதிகம் விற்பது அதுதான். குடை, தோடு, துளை, வண்ணம், கொக்கி என்று இந்தத் தொழிலில் வரும் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு சின்னப் பொருளுக்குள் இருக்கிறது.

மண்

கடையில் 1 கிலோ பாக்கெட்டாக வரும் டெரகோட்டா களிமண்ணில் தொடங்குங்கள். சலித்துப் பதப்படுத்தி வருவதால் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு தலைவலி குறையும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுடாமலே காய்ந்து இறுகும் 'ஏர் ட்ரை' களிமண்ணும் அதே அலமாரியில்தான் இருக்கும். அது வேறு சரக்கு, அதில் செய்ததை டெரகோட்டா என்று விற்கக் கூடாது. ஈரம் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கை பழகிய பிறகு பக்கத்துக் குயவரிடம் மண் வாங்கலாம். மானாமதுரை, மதுரை விளாச்சேரி, சென்னை கொசப்பேட்டை, புதுச்சேரி வில்லியனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது. பானை செய்யும் மண்ணில் மணல் கூடுதலாக இருக்கும், நகைக்கு அப்படியே ஆகாது. கட்டியை உடைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் 2 நாள் ஊறப்போடுங்கள். காய்ந்த மண்தான் தண்ணீரில் ஒரே சீராகக் கரையும். அரை ஈரமாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கரைந்த கூழை மாவு சலிக்கும் சல்லடையிலோ பழைய வேட்டித் துணியிலோ வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, மீதியைத் துணியில் பரப்பிச் சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை விடுங்கள்.

வடிகட்டுவதில் சோம்பல் படாதீர்கள். மண்ணில் சின்னச் சுண்ணாம்புக் கல் இருந்தால் சூளையில் அது நீறும். சுட்டு எடுத்த அன்று நகை நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து நாள் கழித்து, காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு உப்பி, மேலே இருக்கும் மண்ணைச் சில்லாகப் பெயர்த்துத் தள்ளும். நடுவில் வெள்ளைப் புள்ளியோடு பள்ளம் விழுந்தால் காரணம் இதுதான். அதற்குள் அந்த நகை வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

மண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பென்சில் பருமனில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிப்பு விடாமல் சுற்றிவந்தால் சரி. வெடித்தால் ஒன்று ஈரம் போதவில்லை, அல்லது மண்ணில் பிசுக்கு இல்லை. சில துளி நீர் விட்டுப் பிசைந்து மறுபடி பாருங்கள்.

வேலைக்கு முன் 15 நிமிடமாவது பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்துப் பிசைந்தால் காற்று உள்ளே சிக்கும். அழுத்தித் தள்ளி, உருட்டி, நடுவில் நூலால் அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் ஊசிமுனை அளவுகூட ஓட்டை இல்லாவிட்டால் போதும். மீதி மண்ணை ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஓரிரு வாரம் கிடந்த மண் புது மண்ணைவிட வளையும். லேசாக நாறினால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி.

சுருக்கக் கணக்கு

பலர் தாண்டிப் போகும் வேலை இது. மண் காயும்போது ஒருமுறை சுருங்கும், சுடும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும், பொதுவாக 8 முதல் 12 சதவீதம். உங்கள் மண்ணுக்கு நீங்களே அளந்துவிடுங்கள். 12 செ.மீ. நீளம், 5 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை தட்டி, அதில் கத்தியால் சரியாக 10 செ.மீ. கோடு கிழியுங்கள். சுட்டு எடுத்தபின் கோடு 9.2 செ.மீ. இருந்தால் சுருக்கம் 8 சதவீதம்.

வளையல் செய்பவருக்கு இது உயிர்நாடி. 2.6 அளவு வளையல் என்றால் 2 அங்குலமும் 16இல் 6 பங்கும், அதாவது உள்விட்டம் 60.3 மி.மீ. சுருக்கம் 8 சதவீதமானால் 60.3ஐ 0.92ஆல் வகுத்து 65.5 மி.மீ. விட்டத்தில் பிடிக்க வேண்டும். 2.4 அளவுக்கு 57.2 மி.மீ., 2.8க்கு 63.5 மி.மீ. என்று வைத்து இதே போல வகுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் சுற்றி வளையல் செய்தால் பாட்டிலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சுற்றுத் தாள் இருக்கட்டும், சற்று இறுகியதும் உருவி எடுத்துவிடுங்கள். பாட்டில் சுருங்காது, மண் சுருங்கும். விட்டுவைத்தால் காலையில் வளையல் இரண்டாக நிற்கும்.

பிடிப்பது

ஒரு குடைக்கு 7 கிராம், தோட்டுக்கு 3 கிராம் ஈர மண். சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கண்ணளவில் கிள்ளி எடுத்தால் வலது காது ஒரு கனம், இடது காது ஒரு கனம் ஆகிவிடும். சுட்ட பிறகு ஈரமும் எரியும் பொருளும் போய் எடை ஏறக்குறைய கால் பங்கு குறையும். ஒரு காதுக்கு மொத்தம் 8 கிராமுக்குள் முடித்தால் நாள் முழுக்கப் போடலாம். 12, 13 கிராம் போனால் வாங்கியவர் ஒருமுறை போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார், அடுத்த ஆர்டர் வராது.

இரண்டு பக்கமும் 3 மி.மீ. தடிமன் பட்டைக் குச்சி வைத்து, நடுவில் மண் உருண்டையை வைத்து உருட்டுக்கட்டையை ஓட்டினால் சீரான வட்டம் கிடைக்கும். அதைக் குழிவான அச்சுக்குள் அழுத்துங்கள். அச்சில் முதலில் காய்ந்த மண் தூளைத் தூவிக்கொண்டால் ஒட்டாது. கோலிக்குண்டு போன்ற உருண்டையின் மேல் கவிழ்த்துச் செய்யும் முறையும் உண்டு, புதியவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை. காரணம் மறுபடி சுருக்கம்தான். குழிக்குள் இருக்கும் மண் சுருங்கும்போது தானே அச்சைவிட்டு விலகும். உருண்டை மேல் இருக்கும் மண் சுருங்க இடமில்லாமல் உச்சியில் நட்சத்திரம் போல விரிசல் விடும்.

உச்சித் துளையை 2 மி.மீ. வையுங்கள். 1 மி.மீ. போதுமே என்று தோன்றும். சுருக்கத்தில் கொஞ்சம் போகும், பெயின்ட்டும் வார்னிஷும் மீதியை அடைக்கும், கடைசியில் கம்பி நுழையாது. சுட்ட மண்ணில் துளையைப் பெரிதாக்கப் போய்த்தான் பாதி ஜிமிக்கி உடைகிறது. ஊசியை ஒரே பக்கமிருந்து குத்தி மறுபக்கம் தள்ளாதீர்கள், வெளியே வரும் இடத்தில் மண் பிய்ந்துவிடும். முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மறுபக்கமிருந்து குத்துங்கள்.

பூ, முத்து, இலை ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண் கூழ் தடவி அழுத்த வேண்டும். ஒட்டும் இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும். நேற்றுச் செய்த குடையில் இன்று பிசைந்த முத்தை ஒட்டினால், முத்து கூடுதலாகச் சுருங்கி ஓரத்தில் மயிரிழைக் கோடு விடும். சூளையில் அது தனியாகக் கழன்று கிடக்கும்.

கொக்கி மாட்ட வளையத்தை மண்ணிலேயே பதித்துச் சுடலாமே என்று எல்லோருக்கும் ஒருமுறை தோன்றும். செம்புக் கம்பியும் சாதாரண இரும்புக் கம்பியும் சூளையில் கருகிச் செதில் செதிலாக உதிரும். சூடு தாங்கும் நைக்ரோம் கம்பி தாங்கும். அது கையில் இல்லாதவரை துளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

20 ஜோடி என்றால் 40 குடை, 40 தோடு இல்லை, 44, 44. ஒற்றைக் காது உடைந்தால் ஜோடியே வீண் என்பதால் அந்த நாலு உபரிதான் நாலு ஜோடியைக் காப்பாற்றும்.

காயவிடுவது

நிழல். மின்விசிறி வேண்டாம், வெயில் வேண்டாம். முதல் நாள் மேலே செய்தித்தாள் போட்டு மூடுங்கள். மேற்பரப்பு முதலில் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் மேல்தோல் சுருங்கி விரிசல் விடும், அதைத் தடுப்பதுதான் முழு வேலையும். மறுநாள் மண் தோல் பதத்துக்கு வரும். நகம் பதியும், வளையாது. விளிம்பை ஈரப் பஞ்சால் துடைப்பதும் கரண்டி முதுகால் தேய்த்து மினுக்குவதும் அந்த நேரத்தில்தான். அதைத் தவறவிட்டால் உப்புத்தாள்தான் கதி. 400 நம்பர் தாளில் மெதுவாகத் தேய்க்கலாம், ஆனால் அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. முகக்கவசம் இல்லாமல், அதுவும் அறைக்குள் மின்விசிறி போட்டுக்கொண்டு தேய்ப்பது நுரையீரலுக்குச் செய்யும் துரோகம்.

மொத்தம் 4 முதல் 6 நாள், ஐப்பசி, கார்த்திகை மழையில் 10 நாள்கூட ஆகும். முடிந்ததா என்று பார்க்க நகையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அறைச் சூட்டில் இருந்தால், சூளைக்குப் போகும் அன்று காலை வெயிலில் 2 மணி நேரம் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சுடுவது

வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நிற்கும். மண்ணில் வேதியியலாகக் கட்டுண்டிருக்கும் நீர் 450 முதல் 600 டிகிரிக்குள்தான் வெளியேறும், அதன் பிறகுதான் அது மறுபடி கரையாத பொருளாகிறது. டெரகோட்டாவுக்கு 800 முதல் 950 டிகிரி வேண்டும். கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து மணலில் சுடும் வழிகள் உலவுகின்றன. நிறம் மாறுவதைப் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள்.

மின்சூளை கிடைத்தால் 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி வீதம், அதன் பிறகு மணிக்கு 150 வீதம் 900 வரை, அங்கே அரை மணி நேரம் நிறுத்தி அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் அவசரப்பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி நகையை வெடிக்கவைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. சூளை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொடாதீர்கள். 573 டிகிரி அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரெனக் கன அளவு மாறுகிறது. அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் கண்ணாடி போல 'டிக்' என்று கீறல் விழும்.

மின்சூளை இல்லாதவர்களுக்கு விறகு முறை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட தகர டிரம்மில் 10 செ.மீ. உயரத்துக்கு உமி. நகைகளை உமியோடு கலந்து ஒரு மண் சட்டியில் அடுக்கி, சட்டியை நடுவில் வைத்து மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகள். சுற்றிலும் வரட்டியும் தேங்காய்ச் சிரட்டையும். மேலிருந்து பற்றவைத்தால் சூடு மெதுவாக இறங்கும். கீழிருந்து பற்றவைத்தால் தீ சட்டியை நேரடியாகத் தாக்கி வெடிப்பு கூடும். 5, 6 மணி நேரம் எரிந்து அடங்கியதும் தண்ணீர் தெளிக்காமல் மறுநாள் காலையில் எடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர் இதற்கு முயலவே வேண்டாம். குயவர் சூளை வைக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, ஒரு சட்டிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்து அனுப்புங்கள். புகைச் சண்டையும் மிச்சம், சூடும் சரியாகக் கிடைக்கும்.

காற்று தாராளமாகப் போனால் சிவப்பு, காற்று இல்லாமல் புகைந்தால் கறுப்பு. பாதி சிவப்பு, பாதி கறுப்பாக வந்தால் சட்டியை மூடியது அரைகுறை என்று பொருள். கறுப்பு நகைக்குத் தனி வாடிக்கையாளர்கள் உண்டு. சட்டி வாயை மண்ணால் பூசி மூடி வேண்டுமென்றே கறுப்பாக்குபவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சூளையிலும் ஒரு நகையைத் தண்ணீரில் 24 மணி நேரம் போட்டுவையுங்கள். எடுத்து நகத்தால் கீறும்போது சேறு வந்தால் அந்தச் சூளையே வேகவில்லை, மொத்தத்தையும் மறுபடி சுடுங்கள். இரண்டைத் தட்டினால் 'கிண்' என்று ஒலிப்பது நல்ல சூடு, 'டப்' என்பது சூடு போதவில்லை.

வண்ணம், வார்னிஷ், கொக்கி

சுட்ட நகையைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் வைத்துக்கொண்டு பெயின்ட் அடித்தால் வாரம் கழித்துத் தோல் உரியும். அக்ரிலிக் பெயின்ட்டை முதலில் தண்ணீர் கலந்து நீர்க்க ஒரு கை, 20 நிமிடம் கழித்துக் கெட்டியாக ஒரு கை. தங்க நிறம் கடைசியில், 0 நம்பர் தூரிகையில், மேடான இடங்களில் மட்டும். பள்ளத்தில் தங்கம் இறங்கினால் மலிவான பிளாஸ்டிக் நகை போலத் தெரியும்.

வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கை, நடுவில் பாட்டில் சொல்லும் நேரம், கடைசியில் 24 மணி நேரம். மழைநாளில் வார்னிஷ் அடித்தால் மேலே வெள்ளைப் படலம் மூடும், அது காற்றின் ஈரம். ஒரேயடியாகத் தடித்து அடித்தால் மாதம் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது, பெட்டித் துணி ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் இது குளிக்கப் போட்டுக்கொள்ளும் நகை இல்லை. 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதி விற்காதீர்கள்.

தோட்டின் பின்னால், காதில் நுழையும் தண்டு ஒட்டும் இடத்தில் பெயின்ட்டும் வார்னிஷும் படாமல் ஒரு பைசா அளவு வெறும் மண்ணாக விடுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும், மண்ணை அல்ல. பெயின்ட் உரிந்தால் தண்டும் போச்சு. அந்த வட்டத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பசை வைத்து 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். உடனே ஒட்டும் சூப்பர் குளூ காய்ந்தபின் நொறுங்கும், சுற்றிலும் வெள்ளைப் பூப்பும் விடும். விற்ற ஜிமிக்கி திரும்பி வரும் காரணங்களில் முதலிடம் கழன்ற தண்டுக்குத்தான்.

குடைக்குள் முத்து கோத்த ஹெட் பின்னை (ஒரு முனையில் குண்டூசித் தலை உள்ள கம்பி) உள்ளிருந்து துளை வழியே ஏற்றி, மேலே வளைத்து, ஜம்ப் ரிங்கால் (வாய் திறந்து மூடும் சின்ன உலோக வளையம்) தோட்டோடு இணையுங்கள். ஜம்ப் ரிங்கை வாய் பிளப்பது போல இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும். இரண்டு குறடு கொண்டு ஒரு முனையை முன்னால், ஒரு முனையை பின்னால் திருகித் திறந்து, அப்படியே திருகி மூடுங்கள். காதில் நுழையும் பகுதியை மட்டும் நிக்கல் இல்லாததாகவோ சர்ஜிக்கல் ஸ்டீலாகவோ வாங்குங்கள். ஜோடிக்குச் சில ரூபாய் கூடும். காது புண்ணானவர் ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

விலை

இனி கணக்கு. கீழே உள்ள ரூபாய்கள் உதாரணத்துக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். கூலி மணிக்கு 90 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சுடும்வரை ஒரு ஜோடிக்கு மண் 3 ரூபாய், சூளைப் பங்கு 6, பிடிக்கவும் மினுக்கவும் 18 நிமிடத்துக்கு 27. மொத்தம் 36. 20 ஜோடிக்கு 720. உருப்படியாக வந்தது 16 ஜோடி என்றால் 720ஐ 16ஆல் வகுக்க வேண்டும்: ஜோடிக்கு 45. உடைந்த நாலின் கூலியும் மண்ணும் இப்போது மிஞ்சிய பதினாறின் தலையில் ஏறிவிட்டது. இந்த ஒரு வகுத்தலைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

அதன் பிறகு பெயின்ட்டும் வார்னிஷும் 8, அடிக்க 16 நிமிடம் 24, கொக்கி சாமான் 8, மாட்ட 4 நிமிடம் 6, பெட்டியும் அட்டையும் 15, படம் எடுத்துப் பார்சல் கட்ட 8 நிமிடம் 12. சேர்த்தால் 73. ஆக அடக்கம் 118. அதன் மேல் தூரிகை தேய்மானம், மின்சாரம், விற்காமல் தங்குவது, லாபம் எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் போட்டால் 153, கூட்டி 155. இதற்குக் கீழே எவருக்கும் கொடுக்காதீர்கள்.

155ஐ நேரே விற்பனை விலையாகப் போடவும் கூடாது. நாளைக்கு ஒரு கடை 35 சதவீதக் கழிவில் வைத்துக்கொள்கிறேன் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 155ஐ 0.65ஆல் வகுத்தால் 238. எனவே 240. கடையிலும் 240, உங்கள் வாட்ஸ்அப்பிலும் 240. கடையில் 240க்கு வைத்துவிட்டு நேரே கேட்பவருக்கு 170க்குக் கொடுத்தால் கடைக்காரர் ஒரே வாரத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார், அவர் செய்வது நியாயமும்கூட.

சந்தையில் இதே மாதிரி 150க்குக் கிடைக்கிறது என்றால் கூலியைக் குறைக்காதீர்கள், நிமிடத்தைக் குறையுங்கள். ஆறு இதழ்ப் பூவுக்குப் பதிலாக ஒரு அச்சு முத்திரை, நாலு வண்ணத்துக்குப் பதிலாக இரண்டு. மினுக்கி விட்ட வெறும் சிவப்பு மண்ணில் ஒரு தங்கக் கோடு, பல நேரம் அதுதான் அழகும்.

புடவைக்கு மேட்ச்

இந்தத் தொழிலில் பாதி ஆர்டர் இப்படித்தான் தொடங்கும்: "அக்கா, இந்தப் புடவைக்கு மேட்சா ஒரு செட் வேணும், ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன்." கூடவே இரவில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். அதை நம்பி வண்ணம் கலந்தால் கிளிப்பச்சை மயில்கழுத்தாக மாறிப் போய்ச் சேரும். பதில் இப்படி இருக்கட்டும்: "நாளைக்குக் காலையில சன்னல் பக்கத்துல, புடவை மேல ஒரு வெள்ளைத் தாள் வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. பார்டரும் உடலும் சேர்ந்து தெரியணும்." படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் புடவை நிறமும் அந்த அளவுக்கு மஞ்சளேறித்தான் வந்திருக்கிறது என்று கழித்துக்கொள்ளலாம். கலந்த வண்ணத்தைத் தாளில் தடவி, காய்ந்தபின் படம் எடுத்து அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிய பிறகே நகையில் தொடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முடியுமா? சுட்ட வெறும் ஜிமிக்கி கையிருப்பில் இருந்தால் முடியும். மண்ணிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் 15 நாள், மழைக்காலத்தில் 21 நாள் என்று சொல்லுங்கள். காய்வதை அவசரப்படுத்தி எவரும் ஜெயித்ததில்லை. ஓய்வான மாதங்களில் மூன்று நாலு வடிவத்தில் வண்ணம் அடிக்காத குடையும் தோடும் சுட்டு டப்பாவில் நிரப்பி வைத்திருப்பவரே நவராத்திரி, மார்கழி ஆர்டர்களைத் தட்டாமல் எடுக்கிறார். சொல்லிச் செய்யும் நகைக்கு 50 சதவீதம் முன்பணம், மீதி அனுப்பும் முன். பார்சல் வந்ததும் பணம் என்ற ஏற்பாடு புதியவருக்கு வேண்டாம். திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு வழிச் செலவும் உங்கள் தலையில்.

விற்பனைப் படத்தில் காதில் போட்ட ஒன்று, அளவுகோல் பக்கத்தில் ஒன்று, பின்பக்கத் தண்டு தெரிய ஒன்று. எழுத்தில் நீளம், ஒரு காதின் எடை, திருகாணியா கொக்கியா. இவ்வளவு போட்டால் வரும் கேள்விகளில் பாதி குறையும். கீழடி அகழாய்வில் சுடுமண் மணிகள் கிடைத்த செய்திக்குப் பிறகு 'கீழடி டிசைன்' என்று கண்டதையும் விற்பது பெருகிவிட்டது. அந்த மணியைப் பார்த்துச் செய்திருந்தால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள்.

கண்காட்சியில் கடை போடும்போது எதிர்பார்க்கும் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக் கூடாது. 240 ரூபாய் ஜிமிக்கிகளை வைத்து 3,000 ரூபாய் வாடகையை நியாயப்படுத்த 63 ஜோடி விற்றாக வேண்டும். அந்தக் கூட்டம் வருமா என்று போன வருடம் கடை போட்டவரிடம் கேளுங்கள், நடத்துபவரிடம் கேட்காதீர்கள். முகக்கண்ணாடி இரண்டு, துடைக்க ஸ்பிரிட் பஞ்சு, 10 ரூபாய்ச் சில்லறை, மேலே மூட ஒரு தார்ப்பாய். கண்ணாடி இல்லாத கடையில் ஜிமிக்கி விற்காது.

காகித வேலை

உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தரும் 'பெஹ்சான்' கைவினைஞர் அட்டை அரசு மேளாக்களில் கடை கேட்கும்போது உதவும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள், குழுப் பொருள்களை விற்க அரசு நடத்தும் சரஸ் கண்காட்சிகளுக்கு மகளிர் திட்ட அலுவலகம் வழியாக முயலலாம்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. புதுச்சேரியில் 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு வேண்டும், ஆனால் அரசு அறிவித்த கைவினைப் பொருள் பட்டியலில் வருபவற்றுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அந்த விலக்கில் அனுப்பும்போது பான் எண் இருக்க வேண்டும், பார்சல் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் ஈ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும் என்ற விதி பலருக்குத் தெரியாது. உங்கள் பொருள் பட்டியலில் எந்த வரியில் வருகிறது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் சந்தைத் தளங்களில், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், வரம்புக்குள் இருப்பவர்கள் பதிவு எண்ணுக்குப் பதில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

பார்சல்

ஒவ்வொரு காதும் தனித்தனி ஜிப் கவரில். இரண்டையும் ஒரே கவரில் போட்டால் வழி நெடுக ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகும். குடையின் உள்ளே டிஷ்யூ தாளைச் சுருட்டித் திணியுங்கள்; வெளியே எவ்வளவு பபிள் சுற்றினாலும் உள்ளே வெற்றிடம் இருந்தால் விளிம்பு அமுங்கி உடையும். பிறகு பபிள் உறை, நகைப் பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தாள் அடைத்து மூன்றடுக்கு அட்டைப் பெட்டி. காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். இந்தக் கட்டும் முறையை முடிவு செய்யும் முன், பழுதான ஒரு ஜோடியை வைத்துக் கட்டி மார்பு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போடுங்கள், ஒருமுறை மூலை படும்படி. மொத்த எடை 500 கிராமுக்குள் நின்றால் பெரும்பாலான கூரியர்களில் குறைந்தபட்சக் கட்டணத்தில் முடியும். ஒரு ஜிமிக்கிப் பார்சல் அதில் பாதிகூட வராது, அதனால் அட்டையில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

உடைந்து சேர்ந்தால் பிரிக்கும்போது எடுத்த வீடியோ 2 நாளுக்குள் வேண்டும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி அனுப்புங்கள், உடைந்த பிறகு சொன்னால் சண்டைதான். நாலு உபரி பிடித்ததில் மிஞ்சிய ஒற்றைகளையும் தூக்கிப் போடாதீர்கள். வண்ணக் கலவையின் அளவைச் சீட்டில் எழுதி அதனுடன் கவரில் போட்டு, டிசைன் எண் இட்டு ஒரு வருடம் வையுங்கள். "ஒரு காது தொலைஞ்சு போச்சு, அது மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டு வருபவருக்கு 130 ரூபாய்க்கு அதைக் கொடுக்கலாம்; கடைக்காரர் எவரும் கொடுக்க மாட்டார்.